ஏன் இடது கால்?

தங்கையின் முதல் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது. இடது கால் ஆழ்சிரையில், அதாவது சதைக்குள் ஆழமாக ஓடி ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாயில், ரத்த உறைவு, காரணம் பிரசவம். அதில் பொய் ஒன்றும் இல்லை. சிசேரியன் முடிந்த மூன்றாவது வாரம் அது. பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரங்களில்தான் பெண்ணுடம்பில் ரத்தம் உறையும் ஆபத்து உச்சத்தில் இருக்கும். போதாததற்கு அறுவை, போதாததற்குப் படுக்கை. காரணம் கிடைத்துவிட்டது, ஊசி எழுதியாகிவிட்டது, ஃபைலை மூடியாகிவிட்டது. பிரசவம் என்பது உடம்பு முழுவதற்கும் நடந்த விஷயம், ரத்தக்கட்டி மட்டும் ஏன் இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்றே யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஒரே ஒருவருக்கு. அவர் தெருமுனை ஆசாரி. தங்கை அம்மா வீட்டில்தான் இருந்தாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பத்தியம் கடுமையானது. எழுந்து நடமாடக் கூடாது, காற்றுப் படக் கூடாது, தாகம் எடுத்தாலும் அரைத் தம்ளருக்கு மேல் தண்ணீர் கிடையாது, குடித்தால் வயிறு போட்டுவிடுமாம். ரத்தம் உறைவதற்கு என்னென்ன தோதோ அத்தனையையும் அன்பாகச் செய்துகொண்டிருந்தோம். முதலில் இடுப்பில் ஒரு வலி, பிறகு தொடை இடுக்கில். தையல் போட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அப்புறம் கால் வீங்க ஆரம்பித்தது. "பச்ச ஒடம்புக்காரிக்கு நீர் கோக்கத்தான் செய்யும்" என்று அம்மா வேப்பெண்ணெய் காய்ச்சினாள். வலது காலில் கொலுசு வழக்கம்போல் குதிகால் பக்கம் சரிந்து கிடந்தது. இடது காலில் அது சதைக்குள் புதைந்து, திருகாணி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஆசாரியைக் கூட்டிவந்து வெட்டி எடுத்தோம். வெட்டிய பிறகும் கொலுசின் முத்து ஒவ்வொன்றும் தோலில் குழி குழியாகப் பதிந்து நின்றது. அந்த மனிதர் கட்டரைத் துடைத்துக்கொண்டே, "நீர்னா ரெண்டு காலும்லா வீங்கணும் தாயி" என்றார். அன்று சாயங்காலமே டாப்ளர் ஸ்கேனுக்குக் கிளம்பியதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

டாப்ளர் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜெல்லைத் தடவி, கருவியைத் தொடையில் அழுத்துவார்கள். நல்ல சிரை என்றால் அழுத்தும்போது தட்டையாக மடிந்து, விட்டதும் திறந்துகொள்ளும். கட்டி இருந்தால் மடியாது. வலது தொடையில் அழுத்தும்போதெல்லாம் திரையில் அந்தக் கறுப்பு வட்டம் கண்ணை மூடித் திறப்பது மாதிரி மறைந்து மறைந்து வந்தது. இடது தொடையில் மூடவே இல்லை. அழுத்தியவர் மேலே மேலே போய், இடுப்பு எலும்புக்குக் கீழே வந்ததும், "இதுக்கு மேல இந்த ஸ்கேன்ல தெரியாது" என்று கருவியை எடுத்துவிட்டார். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்பதில்தான் முழுக் கதையும் இருந்தது. வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி, கூடவே அசிட்ரோம் மாத்திரை, இரண்டுமே ரத்தத்தை நீர்க்கச் செய்பவை. காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கால் வற்றவில்லை. எழுந்து நின்றால் தொடை வரைக்கும் கருநீலம் பாய்ந்தது. அத்தான் யாரிடமோ விசாரித்து மதுரையில் ரத்தக்குழாய் டாக்டர் ஒருவரைப் பிடித்தார்.

படமாக வரைந்து காட்டியபோது

அந்த டாக்டர் ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் டேப் எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார். பிறகு தங்கையிடம் ஒரு கேள்வி கேட்டார். "மாசமாகறதுக்கு முன்னாடி, சாயங்காலமானா இந்தக் கால் மட்டும் கனமா இருக்குமா?" நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள். காலேஜ் படிக்கும்போதிருந்தே இருக்குமாம். ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கடைசி பீரியட் முடியும்போது இடது செருப்பின் வார் மட்டும் இறுக்குமாம். நின்று நின்று வருவது என்று நினைத்துக்கொண்டாளாம். கூடப் பிறந்த எனக்கு அது தெரியாது.

டாக்டர் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து கீழே வரும் பெரிய தமனி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கால்களுக்கும் போகிறது. கால்களிலிருந்து அசுத்த ரத்தத்தை மேலே கொண்டுவரும் சிரைகள் இரண்டும் அதற்குச் சற்றுக் கீழே, வலப்பக்கமாக ஒன்றுசேர்கின்றன. வலது கால் சிரை ஏறக்குறைய நேராக ஏறிவிடுகிறது. இடது கால் சிரை குறுக்கே கடந்து வரவேண்டும். அப்படிக் கடக்கும் இடத்தில் அதற்கு மேலே வலது காலுக்குப் போகும் தமனி, கீழே முதுகெலும்பின் ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு. நடுவில் மாட்டிக்கொள்வது மெல்லிய சுவருள்ள சிரை. தண்ணீர் ஓஸ் மேல் யாரோ காலை வைத்துக்கொண்டு நிற்பது போலத்தான். அந்தத் தமனி சும்மாவும் இருப்பதில்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் சிரையை எலும்போடு சேர்த்து இடிக்கிறது. வருஷக் கணக்கில் இடிபட்ட சிரையின் உட்சுவர் தடித்து, உள்ளேயே நார் நாராகத் தடுப்புகள் வளர்ந்துவிடுகின்றன. அப்புறம் ஒரு பிரசவமோ, ஒரு ஆபரேஷனோ, கருத்தடை மாத்திரையோ வந்தால் போதும். கர்ப்பக் காலத்தில் வரும் கால் ரத்தக்கட்டிகளில் பத்துக்கு எட்டுக்குக் குறையாமல் இடது காலில் வருவதற்கு இந்த அமைப்புதான் முக்கியக் காரணம்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இடது காலில்தான் கட்டி அதிகம் வருகிறது என்று ஜெர்மனியின் ருடால்ஃப் விர்கோ 1851-லேயே எழுதிவிட்டார். 1957-ல் மே, தர்னர் என்ற இரண்டு ஆஸ்திரிய மருத்துவர்கள் 430 சடலங்களை அறுத்துப் பார்த்து, 22 சதவீதத்தினரிடம் அந்த இடத்தில் சிரைக்குள் தடுப்பு இருந்ததைக் கண்டார்கள். இன்று மே-தர்னர் சிண்ட்ரோம் என்று அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது. 1965-ல் இங்கிலாந்தில் காக்கெட்டும் தாமஸும் உயிரோடிருக்கும் நோயாளிகளிடம் இதையே விளக்கினார்கள். ஆசாரி கேட்ட கேள்விக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பதில் தயாராக இருந்திருக்கிறது.

கரைப்பதா, விடுவதா

அன்று மாலை அந்த அறையில் நடந்த பேச்சைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். தங்கை, அத்தான், அவருடைய அம்மா, நான். குழந்தை அம்மாவிடம் வெளியே.

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து ஏற்கெனவே உள்ள கட்டியைக் கரைக்காது என்பதை டாக்டர் முதலில் சொன்னார். எனக்கே அது புதுசு. அந்த மருந்து கட்டி வளராமல், நுரையீரலுக்குப் பறந்து போகாமல் பார்த்துக்கொள்ளும், கரைப்பது உடம்பின் வேலை. கணுக்கால், கெண்டைக்கால் கட்டி என்றால் உடம்பு பெரும்பாலும் சமாளித்துவிடும். இடுப்பு வரைக்கும் ஏறிய கட்டி பல பேருக்கு முழுசாகக் கரைவதில்லை. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் கெட்டுப்போனால் கால் ஆயுசுக்கும் வீங்கும், கறுக்கும், சிலருக்குக் கணுக்காலில் ஆறாத புண் வரும். இதற்கு மாற்றாக, முழங்காலுக்குப் பின்னால் கேதிட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்துக் கட்டிக்குள்ளேயே கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடலாம். கட்டி வந்து பதினாலு நாளுக்குள் செய்தால்தான் பலன். ஆபத்து என்னவென்றால் ரத்தக்கசிவு. அரிதாக மூளையிலும் கசியலாம்.

"அப்போ செஞ்சா கால் சரியாயிரும்லா?" என்றார் அத்தான். டாக்டர் உடனே ஆமாம் என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அமெரிக்காவில் 692 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது, அட்ராக்ட் என்று பெயர். பாதிப் பேருக்கு வெறும் மருந்து, பாதிப் பேருக்கு மருந்தோடு இந்தக் கேதிட்டர் முறை. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் காலில் பின்விளைவு வந்தவர்கள் கேதிட்டர் பக்கம் 47 சதவீதம், வெறும் மருந்துப் பக்கம் 48. வித்தியாசமே இல்லை. முதல் பத்து நாளில் பெரிய ரத்தக்கசிவு கேதிட்டர் பக்கம் 1.7 சதவீதம், வெறும் மருந்துப் பக்கம் 0.3. "இதோட நிறுத்தினா, செய்யவே கூடாதுன்னு தோணும்" என்றார். ஆனால் அதே ஆய்வில், நடுத்தரமான அல்லது கடுமையான பின்விளைவு என்று மட்டும் எடுத்தால் கேதிட்டர் பக்கம் 18 சதவீதம், வெறும் மருந்துப் பக்கம் 24. அதாவது கால் கெடுவதை அது தடுக்கவில்லை, மோசமாகக் கெடுவதை ஓரளவு குறைத்தது.

அத்தை கணக்கைக் கேட்டுவிட்டு, "மாத்திரையிலயும் அதேதான்னா என்னத்துக்குப் போட்டுக் குத்தணும்? கைப்பிள்ளக்காரி" என்றார்கள். அது பழமைவாதம் இல்லை. அந்த 47-ஐயும் 48-ஐயும் கேட்டு யாரும் வரக்கூடிய நியாயமான முடிவு. நான் வழக்கமாக எல்லோரும் கேட்பதைக் கேட்டேன். "உங்க தங்கச்சின்னா என்ன செய்வீங்க சார்?" அவர் சிரிக்கவில்லை. "கெண்டைக்கால்ல நின்ன கட்டின்னா தொடவே மாட்டேன். தொடை வரைக்கும் மட்டும்னாலும் யோசிப்பேன். இது இடுப்பு வரைக்கும் போயிருக்கு, வயசு சின்னது, புதுக் கட்டி, ஊசி போட்டும் வீக்கம் அடங்கலை, சிசேரியன் தையலும் ஆறியிருக்கு. செய்வேன்" என்றார். தங்கை அதுவரை பேசவில்லை. "எனக்கு நிக்கிற வேலை" என்றாள், அவ்வளவுதான். அத்தான் கையெழுத்துப் போட்டார்.

எங்களை அசைத்தது அந்த டாக்டர் தனக்கு எதிரான எண்ணையும் எடுத்து வைத்ததுதான். நம்பிக்கை வந்தது அங்கேதான். நூறு சதவீதம் கேரண்டி என்று சொல்லியிருந்தால் அத்தை எழுந்து போயிருப்பார்கள், நானும் கூடப் போயிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

செய்வது எளிதாக இருக்கவில்லை. கேதிட்டரை நுழைக்கக் குப்புறப் படுக்க வேண்டும். தாய்ப்பால் கட்டிக்கொண்ட மார்போடு குப்புறப் படுத்ததுதான் எல்லாவற்றையும்விட வலித்தது என்று பிறகு சொன்னாள். எந்தக் கையேட்டிலும் அது இருக்காது. இரவு முழுக்க ஐசியூவில் இடது காலை மடக்காமல் மல்லாந்து கிடந்தாள், மருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்து, "தலை வலிக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பல் தேய்க்கவும் விடவில்லை, ஈறில் ரத்தம் வந்துவிடுமாம். இடையிடையே ரத்தம் எடுத்து, உறைய வைக்கும் சத்து எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தார்கள். அது ரொம்பவும் இறங்கினால் சொட்டை நிறுத்திவிட வேண்டும்.

மறுநாள் சாயம் செலுத்தி எடுத்த படத்தை டாக்டர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தொடையில் கட்டி ஏறக்குறைய போயிருந்தது. சாயம் நேராக மேலே ஏறி, அந்தக் குறுக்கே கடக்கும் இடத்தில் திடீரென்று நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து சின்னச் சின்னக் குழாய்கள் சுருண்டு சுருண்டு இடுப்பைச் சுற்றி வலது பக்கம் போய்ச் சேர்ந்தன. சில பக்கக் குழாய்கள் விரல் கனம் இருந்தன. "இவ்வளவு தடிமனுக்குச் சில வாரத்துல வளராது. பல வருஷமா இந்த வழியாத்தான் ரத்தம் போயிட்டிருந்திருக்கு" என்றார். பிரசவம் என்று முதல் ஃபைலில் எழுதியிருந்த காரணத்துக்கு முந்தைய காரணம் அங்கே வெள்ளை வெளேரென்று தெரிந்தது. பிறகு சிரைக்குள்ளேயே விடுகிற அல்ட்ராசவுண்டால் அளந்து, பலூனால் விரித்து, தானாக விரியும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் ஒன்றை வைத்தார்கள். பலூன் விரியும்போது முதுகு பிளப்பது போல வலித்ததாம். ஸ்டென்ட் விரிந்த பிறகு எடுத்த படத்தில் அந்தப் பக்கக் குழாய்கள் ஒன்றையும் காணவில்லை. ரத்தத்துக்கு நேர்வழி கிடைத்ததும் சுற்றுவழி தேவைப்படவில்லை.

பில்லைப் பார்த்துவிட்டு, ஸ்டென்ட் விலையைத்தான் அரசாங்கம் குறைத்துவிட்டதே என்று உறவில் பலரும் கேட்டார்கள். 2017-ல் விலை உச்சவரம்பு வந்தது இதய ஸ்டென்ட்டுக்கு. இது அதைவிடப் பல மடங்கு அகலமானது, வேறு பொருள், அந்தக் கணக்கில் வராது.

கீரையும் காலுறையும்

அதற்குப் பிந்திய மாதங்கள் அலுப்பானவை. தாய்ப்பால் கொடுப்பதால் புது வகை மாத்திரைகள் வேண்டாம் என்று அசிட்ரோமையே தொடர்ந்தார்கள். அதற்கு ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை அடிக்கடி வேண்டும், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அம்மாவோ பால் ஊறட்டும் என்று ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் யாரோ சொன்னார்கள் என்று கீரையே கிடையாது. எண் ஊஞ்சலாடியது. கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். கீரையை விலக்க வேண்டியதில்லை, அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும், அதற்கேற்ப மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். இதை மாத்திரை எழுதும் நேரத்திலேயே யாராவது இரண்டு நிமிஷம் அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்.

இறுக்கமான அந்த நீளக் காலுறையை எங்கள் ஊர் வெயிலில் போட்டுக்கொள்வது தண்டனை. 2014-ல் வெளியான ஒரு ஆய்வில் 800-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு நிஜக் காலுறையும் மீதிப் பேருக்கு அழுத்தமே இல்லாத போலிக் காலுறையும் கொடுத்துப் பார்த்ததில், பின்விளைவு வருவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வீக்கத்துக்குச் சுகமாக இருந்தால் போடு, இல்லாவிட்டால் கழற்று என்றார் டாக்டர். தங்கை ஸ்கூல் நாளில் போடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை கொடியில் தொங்கவிடுகிறாள்.

ஸ்கேனில் தெரிந்ததெல்லாம்

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது சித்தி மகள். கிட்னி கல்லுக்காக சிடி எடுத்தவளுக்கு, ரிப்போர்ட்டின் கடைசியில் இடது இடுப்புச் சிரை அழுந்தியிருக்கிறது என்று ஒரு வரி. கல் கரைந்து போய்விட்டது, அந்த வரி போகவில்லை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் பிற்காலத்துக்குப் பாதுகாப்பு என்று எங்கோ சொல்லிவிட்டார்கள். வீட்டில் என்னைப் பாதி டாக்டராக நினைப்பதால் எனக்குப் போன். "உன் தங்கச்சிக்கு வந்ததேதானக்கா?" என்றாள். கால் வீங்குமா? இல்லை. கனக்குமா? இல்லை. கட்டி? இல்லை.

எனக்குப் பொருமலாக இருந்தது. ஒரு பக்கம், கட்டி இடுப்பு வரை ஏறி நின்றவளிடம் இடது காலைப் பற்றி ஒரு கேள்வி கேட்க ஆளில்லை. இன்னொரு பக்கம், கால் நன்றாக இருப்பவளுக்கு ஸ்டென்ட். 2004-ல் வந்த ஒரு ஆய்வில், வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்த, காலில் எந்தத் தொந்தரவும் இல்லாத 50 பேரைப் பார்த்தார்கள். 24 சதவீதத்தினருக்கு அந்தச் சிரை பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது. அவர்களுக்கு நோய் இல்லை, அமைப்பு அப்படி, அவ்வளவுதான். உடம்பில் நீர்ச்சத்து குறைந்திருக்கும்போது படுக்கவைத்து எடுத்தால் இன்னும் மெலிந்து தெரியும். ஸ்டென்ட் என்பது வைத்துவிட்டு மறந்துபோகும் பொருளும் இல்லை. அதுவே அடைத்துக்கொள்ளலாம், அளவு தவறினால் அபூர்வமாக நகர்ந்து இதயம் வரை போயிருக்கிறது, முப்பது வயதில் வைத்தால் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு அது அங்கேயே இருக்க வேண்டும். தங்கைக்கு வைத்தது சரி என்று நான் சத்தியம் செய்வேன். இவளுக்கு வேண்டாம் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்வேன்.

என் பேச்சில் திருப்தி இல்லாமல் மதுரை டாக்டரிடமே போய்வந்தாள். டேப் எடுத்து இரண்டு தொடையையும் அளந்தாராம். ஒன்றும் செய்ய வேண்டாம், கால் வீங்கினால் வா என்றாராம். அதோடு விடாமல், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டிருக்கிறார். தினமும் ஒன்றுமில்லை, கோயில் கொடைக்கு மட்டும் நாள் தள்ளிப்போக மெடிக்கலில் வாங்கிப் போடுவேன் என்று இவள் சொல்ல, அதைத்தான் முதலில் நிறுத்து என்றாராம். அந்த ஹார்மோன் மாத்திரைக்கு ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் குணம் உண்டு. ஏற்கெனவே ஒடுங்கிய வழி வேறு. அப்படியே தள்ளிப்போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடாதே, பிள்ளை உண்டானால் முதல் நாளே இந்த ரிப்போர்ட்டைக் காட்டு என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்.

போன வாரம் மறுபடியும் கூப்பிட்டாள். "ஸ்டென்ட்டும் வேண்டாங்காரு, மாத்திரையும் வேண்டாங்காரு. சித்திரைக் கொடைக்கு முளைப்பாரி நாந்தான எடுக்கணும், அப்ப என்ன செய்யக்கா?" இதற்கு அட்ராக்ட் ஆய்விலும் பதில் இல்லை. சித்தியிடம் நான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். சித்தி ஒத்துக்கொள்வாள் என்று தோன்றவில்லை.